தொப்பிக்கு ஆறு துடிப்பு

தொப்பியைக் கழற்றினால் பயணிகளின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஆறு கூடுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான், கேப்டன் ஹெப்சிபா செல்லத்துரையின் தலையில் அந்தத் தொப்பி நிரந்தரமாக உட்கார்ந்தது.

விமான நிறுவனம் இதை ஒன்றரை வருடம் சோதித்துப் பார்த்திருந்தது. ஒவ்வொரு இருக்கையின் கைப்பிடியிலும் ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் கை பட்டாலே துடிப்பு கணக்கில் ஏறிவிடும். முதலில் கேப்டனின் டையை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கோட்டை எடுத்தார்கள், இரண்டு கூடியது. தோளில் இருக்கும் நான்கு தங்கக் கோடுகளை எடுத்தபோது நான்கு. தொப்பிக்கு ஆறு. பெங்களூர் விமானத்தில் ஒரு கேப்டனை டி-ஷர்ட்டில் நடக்கவிட்டபோது மூன்று பேர், விமானம் புறப்படும் முன்பே, இறங்கிக்கொள்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

பயணி அனுபவப் பிரிவின் தலைவர் மதனகோபால் இதை வரைபடத்தோடு அவளுக்கு விளக்கினார்.

"டை வேஸ்ட் மேடம். நாளைலேருந்து வேண்டாம். ஆனா தொப்பியைக் கழட்டிராதீங்க. பாத்ரூம் போறப்பகூட."

"விமானத்தை ஓட்டுறது நான் இல்லையே மதன். மெஷின்தானே ஓட்டுது?"

"அதனாலதான் மேடம். நீங்களே ஓட்டின காலத்துல தொப்பி இல்லாட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காது. இப்ப உங்ககிட்ட அது மட்டும்தான் இருக்கு."

அவர் புண்படுத்தச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஹெப்சிபா பத்தொன்பது வருடம் நிஜமாகவே விமானம் ஓட்டியவள். மழையில், மூடுபனியில் ஓட்டியிருக்கிறாள்; ஒரு எஞ்சின் நின்றுபோன நிலையில் ஒருமுறை கொச்சியில் இறக்கியிருக்கிறாள். பிறகு இயந்திரம் வந்தது. முதலில் உதவிக்கு என்றார்கள். துணை விமானிகள் போனார்கள். கடைசியில், மனிதர் கை வைத்தால்தான் விபத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, ஓட்டும் கருவிகளை எடுத்துவிட உத்தரவு போட்டது. ஹெப்சிபா அந்த அறிக்கையை இரண்டு தடவை வாசித்தாள். அதில் தப்பு எதுவும் இல்லை. இயந்திரம் அவளைவிட நன்றாகத்தான் ஓட்டியது.

ஆனால் முன்னால் யாருமில்லை என்றால் ஜனங்கள் டிக்கெட் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு விமானத்துக்கு ஒரு கேப்டன் மிச்சம் வைக்கப்பட்டார். கருவிகள் எடுக்கப்பட்ட விஷயம் அரசிதழில் ஒரு மூலையில் வந்ததோடு சரி. பயணிகளிடம் அதைப் பேசக்கூடாது என்று கேப்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் வேலை இதுதான். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு முழுச் சீருடையில் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நடந்து திரும்ப வேண்டும். லேசாகப் புன்னகைக்கலாம். பல் தெரியக்கூடாது. பிறகு விமானி உட்காரும் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி. பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்த இடத்தில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துத் திருகியிருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு திரை. "உங்கள் கேப்டன் ஹெப்சிபா பேசுகிறேன்" என்ற அறிவிப்புகூட மூன்று வருடம் முன்பு பதிவு செய்தது. தன் குரலே தனக்கு நல்வரவு சொல்வதைக் கேட்டபடி அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பதிவில் "கேப்டன்" என்ற சொல்லுக்கு அப்புறம் தொண்டையைச் செருமும் ஒரு சின்னச் சத்தம் உண்டு. இயல்பாக இருக்கிறது என்று அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

பணிப்பெண்கள் பயணிகள் பார்க்கக் கேப்டனோடு அரட்டை அடிக்கக்கூடாது, அவர் மதிப்பு குறையும். விமான நிலையத்தில் ஜனங்கள் அவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பெயர் என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை. வெளியூரில் தங்கும் விடுதியில் வரவேற்பறையைச் சீருடையில் ஒருமுறை கடக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. அறைக்குப் போய்க் கோட்டைக் கழற்றி மாட்டினால், கட்டிலில் உட்கார்ந்திருக்கும் தன்னைவிட கொக்கியில் தொங்கும் அந்தக் கோட்டில்தான் ஆள் இருப்பது போல அவளுக்குத் தோன்றும். சில நாள் காலையிலிருந்து இரவு வரை அவள் வாயிலிருந்து வந்த மொத்த வார்த்தை "தேங்க்ஸ்" மட்டுமாக இருக்கும்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்குச் சென்னையிலிருந்து புறப்பட்ட அந்தமான் விமானத்தில் அது நடந்தது.

கடலுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் போன பிறகு மின்னல் தாக்கியது. பெரிய தகர டிரம்மை உதைத்தது போல ஒரு சத்தம். விளக்கெல்லாம் நான்கு விநாடி அணைந்து திரும்ப எரிந்தன. முன்னறையில் ஹெப்சிபா திரையைப் பார்த்தாள். எஞ்சின் இரண்டும் சரியாக இருந்தன. தரையோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்திருந்தது. தீவின் மேல் மழை கொட்டுவதால், அது விடும் வரை தெற்கே வட்டமடிப்பதென்று இயந்திரம் தானே முடிவெடுத்திருந்தது. மூன்று மணி நேரத்துக்கு எரிபொருள் இருந்தது. அவள் ஓட்டியிருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

அப்போது தன் குரல் அவளுக்குக் கேட்டது.

"உங்கள் கேப்டன் ஹெப்சிபா பேசுகிறேன். கவலைப்பட ஏதுமில்லை. இருக்கை வாரை அணிந்துகொள்ளுங்கள்."

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபடி. அதே செருமல், அதே இடத்தில். மின்னலில் எங்கோ கோளாறாகி, பதிவு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த அவளிடம் பொத்தான் இல்லை. நேரடியாகப் பேசும் ஒலிவாங்கி தரையிலிருந்து அனுமதி வந்தால்தான் வேலை செய்யும்.

ஏழாவது முறை ஓடியபோது வெளியே யாரோ அழுவது கேட்டது. திரையின் ஓரத்தில் பயணிகளின் சராசரித் துடிப்பு நூற்று இருபத்தொன்று என்று காட்டியது. பணிப்பெண் ஷெரின் கதவைத் தட்டினாள்.

"மேடம், வெளிய வாங்க. ஒருத்தரு எந்திரிச்சு நின்னு கத்துறாரு. எங்களால முடியல."

ஹெப்சிபா எழுந்தாள்.

"மேடம், தொப்பி," என்றாள் ஷெரின்.

எழுந்து நின்றவர் அறுபத்தைந்து வயதுக்காரர். பெயர் சபாரத்தினம், விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயத்தில் அவர் முகம் வேர்த்திருந்தது. ஹெப்சிபாவைக் கண்டதும் கையை நீட்டினார்.

"இதோ வந்துட்டாங்க பாருங்க, பொம்மை! இவ்வளவு நேரம் பேசினது டேப்பு. இருமல்கூட மாறல. மேடம், நான் இந்த வேலைலதான் இருந்தேன். எனக்குத் தெரியும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. உள்ள ஓட்டுறதுக்கு ஏதாவது இருக்கா?"

நூற்று அறுபது முகங்களும் அவள் பக்கம் திரும்பின. மேலே அவள் குரல் கவலைப்பட ஏதுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தொப்பியின் முனையை விரலால் தொட்டு, "எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அவள் கை தொப்பிவரை போனது. ஆனால் மேலே ஏற்கெனவே ஒரு ஹெப்சிபா பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட இன்னொருத்தியும் சேர்ந்து சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இல்ல," என்றாள். "உள்ள ஒண்ணுமே இல்ல. எடுத்து மூணு வருஷம் ஆச்சு."

ஒரு பெண் வீறிட்டாள். பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஹெப்சிபா எச்சில் விழுங்கிக்கொண்டாள்.

"இந்த விமானத்த ஓட்டுறது நான் இல்ல. மெஷின் ஓட்டுது. அது என்னைவிட நல்லாவே ஓட்டும், அது எனக்குத் தெரியும். மழை விடுறதுக்காக வட்டம் அடிக்குது. எண்ணெய் நிறைய இருக்கு. நான் சும்மா உக்காந்திருக்கேன், உங்களை மாதிரிதான். விழுந்தா உங்களோட நானும் விழுவேன். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

சபாரத்தினம் நீட்டிய கையைக் கீழே இறக்கினார். அவர் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹெப்சிபா முன்னறைப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அங்க போயி என்னம்மா செய்யப் போறீங்க?"

பதினான்காவது வரிசையிலிருந்து கேட்டவள் நாற்பது வயதுப் பெண். தலையில் முக்காடு, மடியில் வாந்திப் பை. பெயர் ஜைத்தூன் என்று பிறகு தெரிந்தது. அந்தமானில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஹெப்சிபா.

"அப்ப இங்கயே உக்காருங்களேன். இந்த ஸீட்டு காலியாத்தானே கிடக்கு."

ஹெப்சிபா உட்கார்ந்தாள். தொப்பி பின்னிருக்கைக்காரருக்கு மறைக்கும் என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜைத்தூன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவும் பயம், திறக்கவும் பயம். பார்க்க ஏதாவது வேண்டுமே என்று ஹெப்சிபாவின் கோட்டையே பார்த்தாள்.

"இது உங்களுக்குத் தைச்சதா?"

"கம்பெனி குடுத்தது."

"ஆம்பளைக்கு வெட்டின கோட்டும்மா இது. தோள்பட்டை வெளிய தள்ளி நிக்குது பாருங்க. உள்ள பஞ்சு வச்சு ரொப்பியிருக்கான். கைய தூக்கினா கக்கத்துல இழுக்குமே?"

"பதினஞ்சு வருஷமா இழுக்குது."

"ஒருத்தரும் சொல்லலியா?"

"ஒருத்தரும் கேக்கல."

ஜைத்தூன் கோட்டின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே பிரிக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவள் மூச்சு சீரானது. பின்னால் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, எண்ணெய் நிஜமாகவே போதுமா என்று கேட்டார். ஹெப்சிபா கணக்குச் சொன்னாள். அதைக் கேட்டு இன்னொருவர் இன்னொன்று கேட்டார். ஐம்பது நிமிடம் இப்படிப் போயிற்று. எப்போது பதிவு நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பல வருடமாக இவ்வளவு பேர் தன்னோடு பேசியதில்லை என்று ஹெப்சிபாவுக்கு உறைத்தது.

மழை விட்டது. விமானம் பூப்போல இறங்கியது. இறங்கும்போது சபாரத்தினம் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க மேடம். பயத்துல பேசிட்டேன். நீங்க முன்னாடி எத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"பத்தொன்பது."

அவர் கைகூப்பினார். அந்த வணக்கம் சீருடைக்கு இல்லை என்று ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது.

மறுவாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனாள். மதனகோபால் மலர்ந்த முகத்தோடு வரவேற்று வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.

"நீங்க உண்மையைச் சொன்ன நிமிஷம் பதினஞ்சு ஏறியிருக்கு மேடம். ஆனா நீங்க போயி நடுவுல உக்காந்தீங்க பாருங்க, அங்கேருந்து பாருங்க. எழுபத்திநாலு! நல்ல வெயில் நாள்ல நேரா போற விமானத்துலகூட இவ்வளவு கம்மியா நாங்க பாத்ததில்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது.

"அப்ப உண்மையைச் சொன்னா ஜனங்க தாங்கிக்குவாங்கன்னு தெரியுதுல்ல? அதத்தான் மதன் நானும்..."

"ஆமா மேடம். அதனால போர்டு முடிவு பண்ணியிருக்கு. முன்னறையே தேவையில்லை. அங்க இன்னும் நாலு ஸீட்டு போடலாம். கேப்டன் பயணிகளோடவே உக்காருவாரு. குலுங்க ஆரம்பிச்சா எந்திரிச்சு நீங்க சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிட்டு உக்காந்துக்குவாரு. தொப்பி தலைல இருக்கணும்னுகூட இல்ல, மடியில தெரிஞ்சாப் போதும்னு டேட்டா சொல்லுது."

ஹெப்சிபா வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அதே வார்த்தைன்னா?"

"'விழுந்தா'ங்கறத மட்டும் எடுத்துட்டோம். 'எது நடந்தாலும் உங்களோட நானும்'னு வச்சிருக்கோம். நீங்க எச்சில் முழுங்கினீங்களே, அந்த ரெண்டு செகண்ட் கேப்பு அப்படியே இருக்கு. அது ரொம்ப முக்கியமாம்."

"விமானம் ஓட்டத் தெரிஞ்சவங்க அதுக்கு எதுக்கு?"

"தேவையில்லைதான் மேடம். தோள்ல இருக்குற அந்த நாலு தங்கக் கோட்டை யாரு வேணும்னாலும் போடலாமான்னு வக்கீல்கிட்ட கேட்டோம். போடலாமாம். ஆனா உங்களுக்கு முதல் வாய்ப்பு. நீங்கதானே ஆரம்பிச்சது?"

அவள் அன்றைக்கே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாள். கோட்டு, தொப்பி, தோளின் தங்கக் கோடுகள் எல்லாவற்றையும் பண்டகசாலையில் ஒப்படைத்தாள். வாங்கிக்கொண்டவர் கோட்டின் அளவைப் பார்த்து, "இது நிறைய பேருக்குச் சேரும்," என்றார்.

எட்டு மாதம் கழித்து, உடன் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்காக ஹெப்சிபா கோயம்புத்தூர் போனாள். இப்போது அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். நாள் முழுக்கத் தொலைபேசியில் பேச வேண்டும். சீருடை கிடையாது. அன்று காலை சாதாரணப் பருத்திச் சுடிதாரில் பயணிகளோடு வரிசையில் நின்று விமானம் ஏறினாள்.

சேலத்துக்கு மேலே வானம் கறுத்து விமானம் குலுங்கத் தொடங்கியது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த கேப்டன் எழுந்தார். நாற்பது வயசு சொல்லலாம். நல்ல உயரம், அகன்ற தோள், கோட்டு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்ல," என்றார். இரண்டு விநாடி நிறுத்தி எச்சில் விழுங்கினார். "இந்த விமானத்த ஓட்டுறது நான் இல்ல..."

ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். முழுவதும் சரியாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, "அப்பாடா," என்று சாய்ந்துகொண்டாள். சுற்றிலும் கைகள் தளர்ந்து கைப்பிடிகளில் படிந்தன. அது வேலை செய்தது. நன்றாகவே வேலை செய்தது. தான் எப்போதோ ஒருமுறை, வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் சொன்னது இப்போது இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், அந்த ஆள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டாள். மற்றவர்கள் தளர்ந்தபோது அவர் மட்டும் முதுகை விறைத்து, மடியில் இருந்த தொப்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

விமானம் இறங்கத் தொடங்கும் முன் அவள் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தாள்.

"மேடம், இங்க உக்காரக்கூடாது," என்றார் அவர் உதட்டை அசைக்காமல்.

"ஏன்?"

"யாராவது உக்காந்தா பேச்சுக் குடுப்பாங்க. பேசினா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுரும். அதான் காலியா வைக்கச் சொல்லியிருக்காங்க."

"முன்னாடி என்ன வேலை?"

"தி. நகர்ல ஜவுளிக்கடை. பட்டு செக்‌ஷன் சூப்பர்வைசர். நிக்கிற தோரணையைப் பாத்து எடுத்தாங்க." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா மேடம், இந்த வேலைக்கு வர்ற வரைக்கும் நான் பிளேன்ல ஏறினதே இல்ல. ஆறு மாசம் ஆச்சு, இன்னும் பயம் போகல. கை ரெண்டும் வேர்த்து ஊத்தும். துடைச்சா மத்தவங்க பயந்துருவாங்களாம், துடைக்கக்கூடாது."

ஹெப்சிபா அவர் இருக்கையின் கைப்பிடியைப் பார்த்தாள். அதில் உலோகத் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தைப் பிளாஸ்டிக்கால் அடைத்திருந்தார்கள். விமானத்தில் அந்த ஓர் இருக்கையின் துடிப்பை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

"வீட்ல சொல்லியிருக்கீங்களா?"

"எப்படிச் சொல்றது? பசங்க ஸ்கூல்ல எங்கப்பா கேப்டன்னு சொல்லிட்டுத் திரியுதுங்க."

அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பி நீண்டது. அவர் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. முகம் மட்டும் அசையவில்லை.

"அது றெக்கைக்குப் பின்னாடி பலகை நீளுற சத்தம்," என்றாள் ஹெப்சிபா மெல்ல. "வேகத்தக் குறைக்கிறதுக்கு. நல்ல சத்தம்."

அவர் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்படி மேடம்..."

"தெரியும். இப்ப லேசா மூக்கு கீழ போற மாதிரி இருக்கும், பாருங்க."

மூக்கு தாழ்ந்தது. அவர் மூச்சை விட்டார். ஹெப்சிபா தன் கைக்குட்டையை அவர் தொப்பிக்கு அடியில், மற்றவர் கண்ணில் படாமல், நகர்த்தி வைத்தாள். அவர் தொப்பிக்குக் கீழேயே கையைத் துடைத்துக்கொண்டார்.

"தரை தொடுறதுக்குள்ள இன்னும் எத்தனை சத்தம் வரும் மேடம்?"

"மூணு," என்றாள். "ஒவ்வொண்ணும் வர்றதுக்கு முன்னாடியே சொல்றேன்."